துரித மின்னேற்றல் நிலையங்களும் நண்பகல் மின்சாரமும்

2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் காத்துக்கிடந்த அனுபவத்தை இந்நாட்டு மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். 2020 மார்ச் மாதம் முதல் நிறுத்தப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, மின்சார வாகனங்கள் மீது பலரது கவனம் திரும்பியமைக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் எனலாம். வாகனங்கள் பெருகும்போது வர்த்தக ரீதியான துரித மின்னேற்றல் நிலையங்களும் பெருகவே செய்யும். இவை எவ்வாறு இயங்குகின்றன, இவற்றால் விளையும் நன்மையும் சுமையும் யாவை என்பதை வாகனம் வாங்குவோர் மட்டுமன்றி, மின்கட்டணம் செலுத்தும் அனைவருமே அறிந்திருத்தல் அவசியமாகும்.

எமது வீடுகளுக்கு வருவது ஆடலோட்ட மின்சாரம். ஆனால், மின்கலத்தில் சேமிக்கப்படுவது நேரோட்ட மின்சாரமாகும். வீட்டில் மின்னேற்றும்போது வாகனத்தினுள் பொருத்தப்பட்டுள்ள சிறியதொரு கருவியே ஒன்றை மற்றொன்றாக மாற்றுகின்றது. 30 அம்பியர் கொண்ட வீட்டு இணைப்பொன்றினால் தாங்கக்கூடிய மொத்த வலு ஏறத்தாழ 7 கிலோவாற்று மாத்திரமே. துரித மின்னேற்றல் நிலையத்தில் இந்த மாற்றம் வெளியேயுள்ள பெரிய இயந்திரத்திலேயே நிகழ்ந்து, நேரோட்ட மின்சாரம் நேரடியாக மின்கலத்தைச் சென்றடைகின்றது. 60 அலகு கொள்ளளவுடைய மின்கலத்தை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை நிரப்புவதற்கு 36 அலகுகள் தேவை. வீட்டில் இதற்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். 60 கிலோவாற்று இயந்திரமொன்று முழு வலுவுடன் இயங்கினால் ஏறத்தாழ 40 நிமிடங்கள் போதும். 80 சதவீதத்தைத் தாண்டியபின் மின்கலத்தைப் பாதுகாக்கும் பொருட்டு வேகம் தானாகவே குறைக்கப்படுவதால், எஞ்சிய பகுதியை நிரப்பக் காத்திருப்பது வீண் தாமதமாகும். பின்னால் நிற்பவருக்கும் அது இடையூறாகும்.

இந்த வேகத்துக்கு விலை உண்டு. 60 கிலோவாற்று இயந்திரமொன்று எட்டுக்கு மேற்பட்ட வீட்டு இணைப்புகளின் முழு வலுவுக்குச் சமமான வலுவை ஒரே இடத்தில் வேண்டி நிற்கின்றது. நான்கு இயந்திரங்கள் கொண்ட நிலையமாயின் தனியான மின்மாற்றியும் வலுவான வடங்களும் தேவைப்படும். பெருமளவில் மின்சாரம் பெறும் வர்த்தக நிலையங்கள், பாவித்த அலகுகளுக்கு மட்டுமன்றி, மாதத்தில் பதிவாகும் உச்சக் கேள்விக்கும் கட்டணம் செலுத்தவேண்டியுள்ளது. நாளொன்றுக்கு மூன்று வாகனங்கள் வந்து தலா 30 அலகுகள் பெற்றுச் செல்வதாகக் கொண்டால், அந்த இயந்திரம் வழங்கக்கூடிய 1,440 அலகுகளில் விற்பனையாவது 90 மாத்திரமே. போதிய வாகனங்கள் இல்லாததால் நிலையம் அமைக்க முதலீட்டாளர் தயங்குகின்றார். நிலையம் இல்லாததால் வாகனம் வாங்கப் பொதுமகன் தயங்குகின்றார். விதை முந்தியதா, மரம் முந்தியதா என்ற பழைய கேள்வியே இங்கும் எழுகின்றது. இவ்விடயத்தைச் சந்தையிடம் மாத்திரம் விட்டுவிட்டால், வாகனங்கள் செறிந்துள்ள கொழும்பையும் அதன் சுற்றுப்புறங்களையும் தாண்டி நிலையங்கள் பரவுவதற்கு நீண்டகாலம் செல்லும்.

மற்றொரு சிக்கல் மின்செருகி பற்றியது. 2015ஆம் ஆண்டளவில் வரிச்சலுகை காரணமாக நிசான் லீஃப் கார்கள் இங்கு ஆயிரக்கணக்கில் இறக்குமதியாகின. அவற்றின் துரித மின்னேற்றலுக்கானது ஜப்பானியரின் சாடெமோ நியமமாகும். தேநீர் அருந்தும் நேரத்துக்குள் மின்னேற்றிவிடலாம் என்ற பொருள்பட, தேநீர் அருந்தலாமா என்னும் ஜப்பானிய உபசார மொழியைத் தழுவி அப்பெயர் சூட்டப்பட்டது. எனினும் 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் சீசீஎஸ் 2 என்னும் வேறொரு செருகியைப் பொது நியமமாக ஏற்றுக்கொண்டது. சீனா தனக்கெனத் தனி நியமத்தை வைத்துள்ளது. 2020இல் நிசான் நிறுவனமே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்குமான தனது புதிய காருக்குச் சாடெமோவைக் கைவிட்டது. திரவக் குளிரூட்டல் இல்லாத லீஃப் மின்கலங்கள் வெப்பநாடுகளில் விரைவாகத் தேய்வடைந்தமை ஒருபுறமிருக்க, அவற்றின் செருகியும் காலத்தால் பின்தள்ளப்பட்டது. இதன் நட்டத்தைச் சுமக்க வேண்டியவர்கள் வாகனத்தை வாங்கியவர்களேயாவர். எந்தச் செருகியுடன் வரும் வாகனத்துக்கு அனுமதி, எந்தச் செருகி பொது நிலையங்களில் கட்டாயம் என்பன தெளிவாக வரையறுக்கப்படாவிடின் அதே நட்டம் மீண்டும் நேரக்கூடும்.

ஏனைய நாடுகள் இதனைச் சட்டத்தின் மூலம் ஒழுங்குபடுத்தியுள்ளன. 2023இல் இயற்றப்பட்டு 2024 ஏப்ரல் 13ஆம் திகதி முதல் அமுலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதியின்படி, பிரதான நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீற்றருக்கு ஒரு துரித மின்னேற்றல் நிலையம் அமைக்கப்படவேண்டும். 50 கிலோவாற்றும் அதற்கு மேலும் வலுவுள்ள புதிய இயந்திரங்களில், எந்த நிறுவனத்திலும் அங்கத்தவராகாமலேயே வங்கி அட்டை மூலம் பணம் செலுத்த வசதி இருக்கவேண்டும். கட்டணம் அலகு அடிப்படையில் அமையவேண்டும். அமெரிக்கா 2023இல் வெளியிட்ட விதிகளில், கூட்டரசு நிதியுதவி பெறும் இயந்திரங்கள் 97 சதவீதமான நேரம் இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டுமென நிபந்தனை விதித்தது. பழுதடைந்து கிடக்கும் இயந்திரம், இல்லாத இயந்திரத்திலும் பார்க்கத் தீங்கானது. அதனை நம்பியே ஒருவர் பயணத்தைத் தொடங்கியிருப்பார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பாதையில் ஐரோப்பிய அளவுகோலைப் பிரயோகித்தால், சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி போன்ற ஊர்களை உள்ளடக்கி ஆறு இடங்கள் போதுமானவை. இது எட்டமுடியாத இலக்கன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எந்த நேரத்தில் மின்னேற்றுவது என்ற வினாவாகும். 2025 ஏப்ரல் மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை வீழ்ச்சியடைந்தபோது, கூரைமீது சூரிய மின்தொகுதி வைத்திருந்தோரிடம் பகல்வேளைகளில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. பகலில் இவ்வாறு மின்சாரம் மிஞ்சிக்கிடக்க, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சவேளையில் எரிபொருளை எரித்து மின்சாரம் பெறவேண்டிய நிலை தொடர்கின்றது. அலுவலகம் விட்டு வீடு திரும்புவோர் யாவரும் அவ்வேளையில் மின்னேற்றத் தொடங்கினால், பெற்றோலை மிச்சப்படுத்தி மின்நிலையத்தில் எண்ணெயை எரித்தவர்களாவோம். இரவில் வீட்டில் மின்னேற்றுவோருக்கு 10.30க்குப் பிந்திய வேளை பொருத்தமானது. பயணத்தின் இடையில் தரிக்கும் துரித நிலையங்களுக்கோ நண்பகலே உகந்த நேரமாகும். ஆனால், நீண்டகாலமாகப் பழக்கத்திலுள்ள நேரவாரிக் கட்டணமுறை அதிகாலை 5.30 முதல் மாலை 6.30 வரையான முழுப்பொழுதையும் ஒரே பகலாகக் கொள்கின்றது. கூரைகளில் சூரிய மின்சாரம் பரவுவதற்கு முன்னர் வகுக்கப்பட்ட இப்பகுப்பில் நண்பகலுக்கெனத் தனிச்சலுகை இல்லை.

ஆகவே, செய்யவேண்டியவை தெளிவானவை. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை பொது மின்னேற்றல் நிலையங்களுக்குக் குறைந்த கட்டணம் அறவிடப்படுவதுடன், அச்சலுகை வாகன உரிமையாளரைச் சென்றடைவதும் உறுதிசெய்யப்பட வேண்டும். உச்சவேளைக் கட்டணம் உண்மையான உற்பத்திச் செலவைப் பிரதிபலிக்க வேண்டும். செருகி, விலைப்பட்டியல், பராமரிப்பு என்பவற்றுக்குக் கட்டாய நியமங்கள் வகுக்கப்படல் வேண்டும். தொலைமாவட்டங்களில் முதலில் நிலையம் அமைப்போருக்கு ஆரம்ப ஆண்டுகளில் உச்சக் கேள்விக் கட்டணத்தில் தளர்வு வழங்கலாம். மின்மாற்றிகளையும் வடங்களையும் மேம்படுத்தும் செலவோ, கார் வாங்க வசதியற்ற ஏழைக் குடும்பங்களின் மின்பட்டியலில் ஏற்றப்படலாகாது.

வாகனம் ஒன்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் பாவனையில் இருக்கும். மின்மாற்றியும் நிலத்தடி வடமும் அதனினும் நீண்டகாலம் நிலைத்திருக்கும். நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும்போதே ஒழுங்குகளை வகுப்பது எளிது; நூற்றுக்கணக்கில் பெருகியபின் திருத்துவது கடினம். 2022இன் வரிசைகள் புகட்டிய பாடத்தை உரியவர்கள் உணர்ந்திருப்பின், இதற்கான முடிவுகளை இனியும் தாமதிக்கலாகாது.