மாரிகுப்பத்துப் புத்தகசாலை: தங்கவயல் சமூக வாழ்வில் ஓர் ஆய்வு

சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கம், கோவளம் உப்பளங்களில் ஆண்டுதோறும் பாத்தி கட்டி, கோடை வெயிலில் உப்பு வாரும் மக்களை நாம் அறிவோம்; கடல் உள்ளவரை அவர்தம் விளைபொருள் வற்றாது. சுரங்கத்தை நம்பிய ஊரின் நிலையோ வேறு. வெட்டி எடுக்க எடுக்க அதன் ஆயுள் குறைந்துகொண்டே வரும். வேல்ஸ் தேசத்து நிலக்கரிக் கிராமங்களுக்கு நேர்ந்த இக்கதி, தமிழ் மக்கள் பெருந்தொகையினராய்க் குடியேறிய கோலார் தங்கவயலுக்கும் நேர்ந்தது.

1870-களில் லாவெல் என்னும் ஐரிஷ் படைவீரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்று அங்குத் தொடங்கிய தங்கச் சுரங்க முயற்சி, 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கைக்கு வந்த பின்னரே பலன் தந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமற்ற கூலிகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்து அருவியின் மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து சுரங்கத்தை அடைந்தது. துரைமார் பங்களாக்கள் அமைந்த அவ்வூரிலேயே, மூங்கில் தட்டிகளால் அடைத்த குடிசைகளில் தொழிலாளர் வாழ்ந்தனர். பின்னாளில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் கடந்து சென்ற அச்சுரங்கங்களில், பாறை வெடித்துச் சிதறும் விபத்தும், கல்தூசி நுரையீரலை அரிக்கும் நோயும் அவர்களை விடாது தொடர்ந்தன.

இத்தகைய வாழ்வினரிடையேதான் பண்டித அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றியது. 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகைக்குத் தங்கவயலில் ஆர்வமிக்க வாசகர்கள் இருந்தனர். தங்கவயலின் பகுதிகளான மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் சாக்கைய பௌத்த சங்கங்கள் எழுந்தன. அவருடைய நூல்கள் சித்தார்த்த புத்தகசாலையின் வெளியீடுகளாக மாரிகுப்பத்திலிருந்து வெளிவந்தன. 1914-இல் அவர் மறைந்த பின்பு, 1926-இல் 'தமிழன்' மறுபடியும் உயிர்பெற்றதும் பண்டித ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் தங்கவயலிலேதான். இதைப் போன்றே வேல்ஸில் திரெடிகார் சுரங்கத்தார் தம் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி நூல்நிலையம் நடத்தினர். அதில் படித்து உயர்ந்த அனூரின் பெவன் 1948-இல் பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவையை நிறுவினார். அவ்வரலாற்றைப் போற்றுவோர் மாரிகுப்பத்தை அறியாதிருப்பது எனக்குப் பெருந்துயரம் தருவது. தங்கவயலின் சரித்திரத்தைப் பொன்னின் எடையால் மட்டும் எழுதுவோர், எழுத்தறிவே மறுக்கப்பட்ட ஒரு சமூகம் தனக்கென எழுப்பிக்கொண்ட இந்த ஸ்தாபனங்களைக் காணாமலே கடந்துவிடுகின்றனர்.

தொழிற்சங்கம் அங்குக் காலூன்றுவதற்கு முன்பே, 1930-இல், கைரேகை பதிய வேண்டும் என்ற கம்பெனியின் விதியை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவாளிகளைப் போல் தம்மைப் பதிவு செய்வதை மறுத்த அத்துணிவுக்குப் பௌத்த சங்கத்திலும் 'தமிழன்' பத்திரிகையிலும் அவர்கள் பெற்ற சுயமரியாதைப் பயிற்சியும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் வசமாயின. 1962-இல் மத்திய அரசு ஏற்றது. அயோத்திதாசரின் எழுத்துக்கள் ஞான. அலாய்சியஸின் முயற்சியால் 1999-இல் தொகுதிகளாக வெளிவந்தபோது, சுரங்கத்துக்கு ஏறத்தாழ ஈராண்டு ஆயுளே எஞ்சியிருந்தது; 2001 பிப்ரவரி 28-இல் அது மூடப்பட்டது. சயனைடு கழிவுக் குன்றுகளின் அடிவாரத்து லைன் வீடுகளிலிருந்து அத்தொழிலாளரின் மக்களும் பேரர்களும் விடியுமுன் எழுந்து, மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.