யமுனைக் கரையும் தலைநகரத் தேர்வும்

காவிரியும் வையையும் பொருநையும் பாயும் ஊர்களினின்று பிழைப்பு நாடித் தலைநகர் வந்து சேர்ந்த நம்மவர்க்கு, குடியிருக்க இடம் தேடுங்கால் ஆற்றங்கரை என்றதுமே உள்ளம் அங்குச் செல்லுதல் இயல்பே. ஆடிப் பெருக்கன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குச் சென்ற மரபினர் அல்லமோ நாம்? எனினும், ஆற்றருகே உலவி மகிழ்தல் வேறு. ஆற்றருகே மனை கொண்டு வாழ்தல் வேறு. இவ்வேறுபாட்டைத் தில்லியின் வரலாறு நமக்குத் தெளிவுறக் காட்டுகிறது.

தில்லியை ஆண்டோர் பலமுறை நகர் மாற்றினர். கியாசுத்தீன் துக்ளக் 1321இல் கட்டத் தொடங்கிய துக்ளகாபாத், ஆற்றினின்று விலகிய பாறை மேட்டில் அமைந்தது. சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. பிரோஸ் ஷா துக்ளக்கோ 1354இல் யமுனைக் கரையிலேயே பிரோசாபாத்தை நிறுவினான். பின்னர், 1639 முதல் 1648 வரை ஷாஜகான் எழுப்பிய செங்கோட்டையின் கீழ்ப்புறத்தே யமுனை ஓடிற்று. கோட்டை மதில் உயர்ந்து நின்றது. மதிலுக்கும் நீருக்கும் இடையே கிடந்த மணற்பரப்பை எவரும் மனைநிலமாகக் கருதவில்லை. யானைப் போர் நிகழ்ந்ததும், மாடத்தில் தோன்றும் பேரரசனைக் காண மக்கள் திரண்டதும் அங்கேதான். வெள்ளம் பெருகினால் அந்நிலம் ஆற்றுக்கு, வடிந்தால் மக்களுக்கு. இவ்வொழுங்கை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர் எனலாம்.

1911 டிசம்பர் 12ஆம் நாள் நடைபெற்ற தர்பாரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மூன்று நாள் கழித்து, நகரின் வடக்கே, தர்பார் நடந்த பகுதியருகே அடிக்கற்களும் நாட்டப்பெற்றன. மறு ஆண்டு அமர்த்தப்பெற்ற நகரமைப்புக் குழுவில் ஸ்விண்டன் தலைவராகவும், பொறியாளர் பிராடியும் கட்டடக் கலைஞர் லட்யன்ஸும் உறுப்பினராகவும் இருந்தனர். இவர்கள் நிலத்தை நேரில் ஆராய்ந்தனர். வடபுறம் தாழ்ந்த நிலம், வெள்ளம் புகக்கூடியது, நீர் தேங்கி மலேரியா பரவுதற்கு ஏதுவானது, நகர் விரிவடைய இடமும் போதாது. ஆகவே தெற்கே ரைசினா மேட்டைத் தெரிந்தெடுத்தனர். மன்னர் நாட்டிய கற்களே பெயர்க்கப்பட்டு ஆங்குக் கொண்டு செல்லப்பட்டன. 1931 பிப்ரவரியில் புதுதில்லி திறப்புவிழாக் கண்டது. நாட்டியவர் பெருமை கருதாது நிலத்தின் இயல்பைக் கருதிய அம்முடிவு நாம் ஊன்றி எண்ணற்குரியது.

ஆயின், அன்று விலக்கப்பட்ட வடபுறத்திலேயே விடுதலைக்குப் பின்னர்க் குடியிருப்புகள் பெருகின. 1978 செப்டம்பரில் பழைய இரும்புப் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 207.49 மீட்டரை எட்டியது. மாடல் டவுன், முகர்ஜி நகர் முதலிய வடபகுதிகளுள் வெள்ளம் புகுந்தது. குழுவினர் அஞ்சியது அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் கண்கூடாயிற்று. 2023 ஜூலை 13ஆம் நாள் அந்த அளவும் கடந்து 208.66 மீட்டர் ஆயிற்று. கிழக்கே விலகிச் சென்றிருந்த யமுனை, இடையே அமைந்த சாலையை மூழ்கடித்து மீண்டும் செங்கோட்டையின் மதிலை அடைந்தது. ஆற்றுப்படுகையில் குடிசை கட்டி வாழ்ந்த எளியோர் பாலத்தடியிலும் சாலையோரத்திலும் தங்க நேர்ந்தது. அவர்கள் அவ்விடத்தை விரும்பித் தேர்ந்தவர் அல்லர். வேறிடம் வாய்க்காமையால் ஆங்கு வாழ்ந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

யமுனையின் வெள்ளச் சமவெளியில் கட்டடம் எழுப்புதலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை செய்தது. வசீராபாத் அருகே அமைந்த யமுனை பல்லுயிர்ப் பூங்காவில் சதுப்பு நிலமும் புல்வெளியும் மீண்டும் உருவாக்கப்பட்டுள்ளன. புலம்பெயர் பறவைகள் ஆங்கு வந்து தங்குகின்றன. ஆற்றருகே உள்ள நிலத்துக்குத் தக்க பயன் இதுவே என்பது நம் கருத்து.

மனை தேடும் நம் குடும்பத்தினர் விலையையும் காற்றோட்டத்தையும் மட்டும் வினவுதல் போதாது. அந்நிலம் 1978இலும் 2023இலும் எந்நிலையில் இருந்தது என்று அப்பகுதியில் நெடுநாள் வாழும் முதியோரைக் கேட்டறிதல் வேண்டும். மேட்டில் இல்லம் அமைப்போம். விடுமுறை நாளில் மக்களை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரை சென்று வருவோம்.