நாணய மாற்றும் நாட்கூலியும்: மஹய்யாவவிலிருந்து ஒரு விலை ஒப்பீடு

திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த் திரும்புகிறவர்கள் “அங்க எல்லாம் மலிவு” என்று சொல்வது கண்டி நகரின் மஹய்யாவவில் பழகிப்போன பேச்சு. சேலை, எவர்சில்வர் பாத்திரம், டவுன் பஸ் டிக்கெட் ஆகியவற்றின் விலையை இலங்கை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. கண்டியில் உழைத்த காசை அங்கே செலவழிக்கும் பயணிக்கு அது சரி. அங்கேயே உழைத்து அங்கேயே உண்பவரின் வாங்கும் சக்தியை அதைக்கொண்டு அளக்க முடியாது.

பொருளியலாளர் இதை அறியாதவர்களல்லர். சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தின் 2017ஆம் ஆண்டுச் சுற்றில், ஒரு டொலரின் வாங்கும் சக்தி இந்தியாவில் 20.65 ரூபா எனக் கணிக்கப்பட்டது. அன்றைய சந்தை மாற்று வீதமோ 65 ரூபாவுக்குச் சற்று மேல். ஆனால் இக்கணிப்பும் முழு நாட்டின் சராசரிக் கூடைக்குரியது. கார் வாங்குபவரும் சிறு கடையில் கடனுக்கு மைசூர்ப் பருப்பு வாங்குபவரும் அதில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

ஆகவே அடிமட்டக் கூலியிலிருந்து பார்ப்போம். 2024 செப்டெம்பரில் இலங்கைப் பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் அரசின் கிராமப்புற நூறு நாள் வேலைத்திட்ட நாட்கூலி 319 இந்திய ரூபா. ஆண்டிறுதி மாற்று வீதப்படி 1,350 ரூபா ஏறத்தாழ 400 இந்திய ரூபா. இலங்கைத் தொழிலாளி ஒருபடி மேலே நிற்கிறார். அரிசியில் அளந்தால் இந்த மேன்மை கரைந்துவிடுகிறது. டிசெம்பரில் அரசு விதித்த உச்ச விலைப்படி நாட்டரிசி கிலோ 230 ரூபா; ஒரு நாட்கூலிக்கு ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. (அந்த விலைக்குக் கடையில் அரிசி கிடைத்ததா என்பது வேறு கதை.) தமிழ்நாட்டில் சாதாரண புழுங்கலரிசி கிலோ 55 இந்திய ரூபா என்று கொண்டால் அங்கும் அதே அளவுதான்.

தராசைச் சாய்ப்பது ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை இலவசம். சந்தை விலையில் அது மூன்று நாட்கூலிக்கு மேல். தரம் போதாது என்று முகம் சுளிப்பவர்களும் அதை இட்லிக்கு ஊறப்போட்டு, சோற்றுக்கு மட்டும் கடை அரிசி வாங்குகிறார்கள். மஹய்யாவவிலிருந்து போகும் பயணியிடம் அந்த அட்டை இல்லை. அதனால் அவர் கணக்கில் அது வருவதேயில்லை.

இலங்கையிலும் கூப்பன் அரிசி இருந்தது. அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியதற்கு 1953 ஆகஸ்டில் நாடே ஹர்த்தால் செய்தது. 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் ரூபாப் பெறுமதி அசையவில்லை, விலைவாசி அசைந்தது. சில ஆண்டுகளிலேயே உதவி பாதியாகத் தேய்ந்தது. இன்றைய அரச நலன்புரி உதவியான அஸ்வெசுமவும் பணமாகவே வருகிறது. என் வாதம் இதுதான்: அரிசியாகத் தரும் உதவி விலையேற்றத்தைத் தாங்கும், பணமாகத் தருவது தாங்காது. இரு நாட்டு ஒப்பீட்டில் விலைப்பட்டியலைவிட இவ்வேறுபாடே முதன்மையானது.

பணமாகத் தரும் உதவி ஏன் தாங்காது என்பதை 2022 காட்டியது. ரூபா சரிந்தபின் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். கோதுமை, பருப்பு, பால்மா எல்லாம் பெரும்பாலும் இறக்குமதி. ரொட்டியும் பருப்புக்கறியுமே அன்றாட உணவான தோட்டத் தொழிலாளரின் லைன் அறைகளுக்கு இந்தச் சராசரிகூடக் குறைவான மதிப்பீடே. முந்திய மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. தேசியக் கூடையில் மண்ணெண்ணெய்க்குள்ள பங்கு மிகச் சிறிது. அதில் அடுப்பு மூட்டுபவருக்கு அப்படியல்ல.