கவ்வாத்துக் கத்தியும் மலையக மக்களும்

மரஞ்செடிகளைக் கழித்து விடுதல் உழவுத் தொழிலின் தொன்மையான பணிகளுள் ஒன்று. குளிர் மிகுந்த நாடுகளில் அப்பணிக்குரிய காலத்தை இயற்கையே அறிவித்துவிடுகிறது. பனிக்காலத்தில் மரம் உறங்குகிறது. இளவேனில் பிறக்குமுன் உழவன் கிளைகளை வெட்டுகிறான். வெயில் ஏறியதும் புதுத்தளிர் எழுகிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் டிசம்பர், ஜனவரித் திங்கள்களில் செடிகளைக் கழிக்கின்றனர். மார்ச் அளவில் முதற்கொழுந்து துளிர்க்கிறது. ஆனால், நிலநடுக்கோட்டை அடுத்துள்ள இலங்கையில் பனிக்காலமும் இல்லை, இளவேனிலும் இல்லை. அங்கே தேயிலைச் செடிக்கு ஓய்வையும் மறுதளிர்ப்பையும் மனிதனின் கத்தியே வகுத்துத் தர வேண்டியதாயிற்று. அக்கத்தியைப் பிடித்தவர்கள் தமிழர்கள். அத்தொழிலுக்கு அவர்கள் வழங்கிய பெயர் கவ்வாத்து.

இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு முன் செழித்திருந்தது காப்பி. 1869இல் தோன்றிய இலைத் துருநோய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுள் அத்தொழிலை வீழ்த்தியது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பியை இழந்த தோட்டக்காரர்கள் அவர் வழியைப் பின்பற்றினர்.

பயிர் மாறியபோது தொழிலாளர் வாழ்வும் மாறியது. காப்பித் தோட்டத்திற்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் மிகுதியான ஆட்கள் தேவைப்பட்டனர். ஆதலின், தமிழகத்திலிருந்து சென்றோருட் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ அத்தகையதன்று. ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும். ஒரு பகுதியில் ஆண்கள் கவ்வாத்து வெட்டுகையில், மற்றப் பகுதிகளில் பெண்கள் கொழுந்து பறிப்பர். வெட்டும் முறை பகுதி பகுதியாகச் சுழன்று வந்தமையால் தோட்டத்தில் வேலை ஓய்ந்த நாளே இல்லை. எனவே, பருவத்திற்கு வந்து சென்றவர்கள் குடும்பம் குடும்பமாக லயங்களில் நிலைத்தனர். பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். முதியோர் அங்கேயே மறைந்தனர்.

கவ்வாத்து என்பது கண்டபடி வெட்டுதல் அன்று. தேயிலை இயல்பில் ஒரு மரம். தடையின்றி விட்டால் அசாம் வகை 30 அடிக்கு மேலும் உயரும். கொழுந்து பறிப்போரின் இடுப்பளவில் அதனை நிறுத்த வேண்டும். சில ஆண்டுகள் பறித்தபின் செடியின் மேற்பரப்பு உயர்ந்து, கொழுந்தும் குன்றும். அப்போதுதான் கவ்வாத்து. வெப்பம் மிகுந்த தாழ்நிலத்தில் ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், உயர்மலைகளில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறையும் இது நிகழும்.

இலையிழந்த செடிக்கு மீண்டும் தளிர்க்கும் வலிமையைத் தருவது வேரில் சேர்ந்துள்ள மாவுப்பொருளே. குளிர்ந்த மலைகளில் அது மிகுதியாகச் சேரும். வெப்ப நிலத்தில் குறைவாகவே சேரும். ஆதலால் வெப்பப் பகுதிகளில் வெட்டுமுன் சில வாரங்கள் கொழுந்து பறிக்காது செடிக்கு ஓய்வு தருவர். அல்லது, செடி மூச்சு விடுதற்கென இரண்டொரு இலைக் கிளைகளை விட்டு வைப்பர். கடும் வறட்சியில் வெட்டினால் செடி பட்டுப்போகும். கத்தி கூர்மையாக இருத்தல் வேண்டும், மரம் பிளவுபடலாகாது. மழைநீர் தேங்காதபடி வெட்டு சரிந்திருத்தல் வேண்டும். வெட்டிய தண்டுகள் வெயிலில் கருகாமலிருக்கக் கழித்த கிளைகளையே அவற்றின்மேல் பரப்புவர். பின்னர் அவை மட்கி எருவாகும். இத்தகைய நுட்பத்தை நாள்தோறும் கையாண்டோரைத் திறனற்ற கூலிகள் என்று குறித்தல் எவ்வாறு பொருந்தும்?

அவர்கள் வாழ்வின்மீது அரசியல் வேறொரு கத்தியை வைத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பிடத்திற்கும் அதற்கு முந்திய தலைமுறைகளுக்கும் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்து மக்கள் எச்சான்றைக் காட்டுவர்? பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் தமிழக அரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கண்டி மலையில் கவ்வாத்துப் பழகிய கைகள் நீலகிரியிலும் அதே தொழிலைத் தொடர்ந்தன. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

மலேசியத் தமிழர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. 1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டபின் அங்கும் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர்.

ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் செடியே அம்மக்களை ஆண்டு முழுவதும் அம்மண்ணில் நிறுத்தியது. அவ்வாறு நிலைத்தவர்களையே, வந்து போகும் பருவக் கூலிகள் எனச் சட்டம் கருதியது முரண்பாடாகும். கவ்வாத்து வெட்டிய செடி சில வாரங்கள் பட்டமரம்போல் தோன்றும். வேரை அறிந்தவனே அது தளிர்க்கும் என்பதை அறிவான். ஒரு மக்களின் வரலாற்றைக் கற்கும் மாணவரும் கிளையை மட்டும் நோக்காது, வேரையும் நோக்குதல் வேண்டும்.