மாலிபான் நிலையத்து நீராவிப் பொறி

பழவேற்காட்டில் கோட்டை கட்டி வணிகம் செய்த ஒல்லாந்தரை நாம் கப்பலோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். அவர்தம் தாயகமும் நீர்வழிகள் நிறைந்த நாடே. கால்வாய்ப் படகில் நெடுங்காலம் பயணம் செய்து வந்த அம்மக்களிடையே, 1839 செப்டம்பர் 20ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையில் முதல் புகைவண்டி ஓடியது. அத்தடத்துக்கென இங்கிலாந்திலிருந்து வருவித்த பொறிகளுள் ஒன்றுக்கு ‘டி ஆரெண்ட்’ என்று பெயர். கழுகு என்பது அதன் பொருள். 1857இல் அக்கழுகு பழைய இரும்பாயிற்று. பொறியைக் காத்து வைக்கும் எண்ணம் அன்று பிறக்கவில்லை. உட்ரெக்ட் நகரின் இருப்புப்பாதை அருங்காட்சியகத்தில் இன்று நாம் காண்பது, 1939ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவுக்கெனப் புதிதாகச் செய்த படியே ஆகும்.

காத்து வைக்கும் எண்ணத்தை நாட்டில் வளர்த்தவர்கள் ஆர்வலர்கள். பொறியின் எண்ணே அவர்களுக்கு அதன் பெயர். சக்கரங்களை எண்ணுவதும், உருளைகளின் அமைப்பை ஒப்பிடுவதும், எத்தொழிற்சாலையில் எவ்வாண்டு பிறந்தது எனக் குறித்து வைப்பதும் அவர்களுக்கு இன்பம். 3700 வரிசைப் பொறிகளிடத்து அவர்களுக்குத் தனிக் காதல் உண்டு. நான்கு உருளைகளும், முன்னே நான்கு சிறு சக்கரங்களும், இழுக்கும் ஆறு பெருஞ்சக்கரங்களும் கொண்ட இவ்வகையில், 1910 முதல் 1928 வரை 120 பொறிகள் செய்யப்பட்டன. எஞ்சியது ஒன்றே ஒன்று: ஆம்ஸ்டர்டாமின் வெர்க்ஸ்பூர் ஆலையில் 1911இல் உருவான 3737. 1958 சனவரி 7ஆம் நாள் இப்பச்சைப் பொறி உட்ரெக்ட் வந்து சேர்ந்ததோடு, டச்சு இருப்புப்பாதைகளில் நீராவியின் அன்றாடப் பணி முடிவுற்றது. எஞ்சிய ஒற்றைச் சுவடியைக் கையில் ஏந்தும் பதிப்பாசிரியரின் பரிவை இவ்வார்வலரிடம் நான் காண்கிறேன். அவரை எள்ளுதல் எளிது, தகாது.

ஆயினும், பொறி எதனை இழுத்தது என்னும் வினாவை எண்ணும் ஆண்டும் எழுப்புவதில்லை. செருமானியப் பிடியில் நாடு இருந்தபோது, 1942 சூலை முதல் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து கிழக்கு நோக்கி வண்டிகள் சென்றன. நெதர்லாந்திலிருந்து 1,00,000க்கும் மேற்பட்ட யூதர் நாடு கடத்தப்பட்டனர்; அவர்களுள் மிகச் சிலரே மீண்டனர். டச்சு இருப்புப்பாதை நிறுவனம் இப்பணிக்குக் கட்டணமும் பெற்றது. 1944 செப்டம்பர் 17 அன்று, இலண்டனிலிருந்த டச்சு அரசின் அழைப்பை ஏற்று, ஏறத்தாழ 30,000 தொழிலாளர் துணிந்து வேலையை நிறுத்தினர். நெடுங்காலம் போற்றப்பட்ட வீரம் அது; போற்றத்தக்கதும்கூட. ஆனால், வெஸ்டர்போர்க்கிலிருந்து கடைசி வண்டி அதற்கு நான்கு நாள் முன்னரே, செப்டம்பர் 13 அன்று, புறப்பட்டுவிட்டது. அந்நிறுவனம் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது 2005இல்.

ஆர்வலர் 3737ஐக் காணச் செல்லும் அருங்காட்சியகக் கட்டடம் முன்னாள் மாலிபான் நிலையம். உட்ரெக்ட் நகரத்து யூதர் நாடு கடத்தப்பட்டது இந்நிலையத்திலிருந்தே. அவர்களுள் உயிர் இழந்த 1,200க்கும் மேற்பட்டோர் பெயர்களைத் தாங்கிய நினைவுச் சின்னம் 2015இல் நிலையத்துக்கு முன்னே எழுந்தது. 3737ஐக் காண வருவோர் இன்று அப்பெயர்களைக் கடந்தே உள்ளே செல்கின்றனர்.