திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தற்கற்றல் தொழில்நுட்பம்: கால அட்டவணையும் செலவும் (1971–2006)

தொலைநிலை உயர்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, கணினி, இணையம் எனக் கருவிகளை வரிசைப்படுத்துவர். கற்போர் தம் கற்றலைத் தாமே எவ்வளவு நெறிப்படுத்த இயன்றது, அதற்கான செலவை ஏற்றவர் யாவர் என்னும் வினாக்கள் அவ்வரிசையில் மறைந்துவிடுகின்றன. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றை ஆராய்வதற்குரிய நல்ல களமாகும்.

1963-இல் ஹெரால்டு வில்சன் முன்வைத்த திட்டத்தின் பெயரே 'வான்வழிப் பல்கலைக்கழகம்' என்பதாகும். 1969-இல் அரச பட்டயம் பெற்ற இந்நிறுவனம் 1971 ஜனவரியில் பாடங்களைத் தொடங்கியது. அஞ்சலில் வந்த அச்சு நூல்களை மாணவர் தமக்கு உகந்த பொழுதில் பயின்றனர். பிபிசியின் பாட நிகழ்ச்சிகளோ குறித்த நேரத்தில் மட்டுமே வந்தன; அதிகாலையும் பின்னிரவும் நாளடைவில் அவற்றுக்குரிய பொழுதுகளாயின. புதுமையெனப் போற்றப்பட்ட தொலைக்காட்சி, பழைய அச்சு நூலைவிடக் கற்போரைக் கூடுதலாகக் கட்டுப்படுத்தியது என்பது கருதத்தக்கது. 1980களில் வீடியோ கேசட் பரவியபோது இக்கட்டு ஓரளவு தளர்ந்தது.

1988-இல் தகவல் தொழில்நுட்ப அறிமுகப் பாடமொன்றில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர் கணினிவழிக் கலந்துரையாடலில் இணைக்கப்பட்டனர். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான 'கோசி' என்னும் மென்பொருள் இதற்குப் பயன்பட்டது. ஒருவர் இரவில் எழுப்பிய வினாவுக்கு மற்றொருவர் மறுநாள் விடையிறுக்கலாம். எவரும் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எனினும் கணினியை மாணவரே வாங்கவோ வாடகைக்குப் பெறவோ வேண்டியிருந்தது. மோடம் வழியாக இணைந்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் தொலைபேசிக் கட்டணம் ஏறியது. பிரிட்டனில் அன்று உள்ளூர் அழைப்புக்கும் நேரக் கணக்கு உண்டு. மாலையிலும் வார இறுதியிலும் கட்டணம் குறைவு என்பதால் அப்பொழுதுகளையே நாட வேண்டியதாயிற்று. ஒளிபரப்பின் கால அட்டவணை கட்டண அட்டவணையாக உருமாறி மீண்டது எனலாம். நூலையும் நிகழ்ச்சியையும் ஆக்கிய செலவு பல்கலைக்கழகத்தினுடையது; கருவியின் செலவோ இல்லத்திற்கு இடம்பெயர்ந்தது.

1999-இல் தொடங்கிய 'நீங்கள், உங்கள் கணினி, இணையம்' என்னும் இணையவழிப் பாடத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் பல்லாயிரவர் சேர்ந்தனர். அவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழுவிற்கோர் ஆசிரியர் அமர்த்தப்பட்டார். 2006 டிசம்பரில் பிபிசியின் பாட ஒளிபரப்பு முடிவுற்றது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ஓப்பன்லேர்ன், பாடப்பொருள்களை யாவர்க்கும் கட்டணமின்றித் திறந்து வைத்தது. விடைத்தாளைத் திருத்தி மறுமொழி எழுதும் ஆசிரியர் மட்டும் அதில் இடம்பெறவில்லை. அவர் கட்டணம் செலுத்திப் பதிந்தவர்க்கே உரியவராயிருந்தார்.