துரைக்குக் கீழே

நம் தோட்ட வரலாற்றைப் பற்றி யார் எழுதினாலும் ‘காலனிய ஆதிக்கம்’, ‘ஏகாதிபத்தியம்’ என்ற சொற்கள் முதல் பத்தியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தப்பான சொற்கள் இல்லைதான். ஆனால் விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு நின்ற பால்மரத் தொழிலாளியின் வாயில் அவை இல்லை. அவருக்குத் தெரிந்தது துரை, கிராணி, தண்டல், கங்காணி. இந்த நாலு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால், அதிகாரம் எந்தக் கை வழியாக எந்த முதுகுக்கு வந்தது என்பது கொஞ்சம் சங்கடமான அளவுக்குத் தெளிவாகிவிடுகிறது.

கங்காணியிலிருந்து தொடங்கலாம். ‘கண்காணி’ பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்வை பார்த்தவரை அது குறித்தது. வெள்ளைக்காரர்கள் இதை முதலில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் எடுத்துக்கொண்டார்கள், பிறகு மலாயாவுக்கும் கொண்டுவந்தார்கள். இங்கே 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டபின் ஆள் சேர்ப்பதற்குக் கங்காணிதான் முக்கிய வழி. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்கிற ஒருவருக்கு லைசென்ஸ் கொடுத்து அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார்கள். அவர் போய் உறவுக்காரர்களையும் பக்கத்துத் தெருக்காரர்களையும் கூட்டிவருவார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம், அப்புறம் கப்பல்.

ஊரில் மாமா என்றோ சித்தப்பா என்றோ கூப்பிட்ட அதே ஆள் தோட்டத்தில் கங்காணி ஆகிவிடுகிறார். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் நாள் கணக்கில் அவருக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் ஒருவர் லயத்தில் படுத்துவிட்டால் அன்றைய தலைக்காசு போச்சு. நோயாளியை எழுப்பி வேலைக்கு அனுப்ப அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணக்கே அப்படிப் போடப்பட்டிருந்தது. உறவையும் காசையும் ஒரே மனிதரிடம் கட்டிவைத்த இந்த ஏற்பாட்டுக்கு ‘ஆதிக்கம்’ என்ற சொல் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆதிக்கத்தை எதிர்த்து நிற்கலாம். சித்தப்பாவை எப்படி எதிர்ப்பது?

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. ஆள்கட்டும் வேலை அதோடு முடிந்தது. மேய்க்கும் வேலை முடியவில்லை. அதைத் தண்டலும் மண்டோரும் பார்த்துக்கொண்டார்கள். ‘தண்டல்’ நம் மொழியில் வரி வசூல், கடற்கரையில் படகுத் தலைவன். ‘மண்டோர்’ ஆணையிடுபவன் என்ற பொருளுள்ள போர்த்துகீசியச் சொல்லிலிருந்து மலாய் வழியாக நம்மிடம் வந்தது.

கிராணி கதை வேறு. மலாயில் ‘கெரானி’ என்றால் இன்றைக்கும் சாதாரண எழுத்தர், அவ்வளவுதான். தோட்டத்தில் கிராணி அப்படியா? செக்ரோலில் பேர் விழுவதும் விழாததும் அவர் பேனாவில் இருந்தது. ஆங்கிலம் படித்த மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும்தான் பெரும்பாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். துரை பேசுவது தொழிலாளிக்குப் புரியாது, தொழிலாளி பேசுவது துரைக்கு அரைகுறையாகத்தான் புரியும். நடுவில் இருந்தவர் சொன்னதுதான் இருபக்கமும் உண்மை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் இதெல்லாம் கண்முன் வந்துவிடும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுவது, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு என்ற வரிசையில் இன்னொன்றும் இருந்தது: துரையையோ ஆசிய ஊழியர்களையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் போகவேண்டும். முரட்டுத்தனமான ஆசிய ஊழியர்களை நீக்கச் சொன்னார்கள். பெண்களைத் தொல்லை செய்யும் ஐரோப்பியர்களோடு சேர்த்துக் ‘கறுப்பு ஐரோப்பியர்’களையும் தனியாகக் குறிப்பிட்டார்கள். ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

‘கறுப்பு ஐரோப்பியர்’! இதைவிடத் துல்லியமான சொல்லை நம் ஆய்வுக் கட்டுரைகளில் நான் பார்த்ததில்லை. ‘வெள்ளையர் ஆதிக்கம்’ என்று எழுதும்போது நாம் எல்லாருமே ஒடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஆகிவிடுகிறோம். ரொம்ப வசதி. கிராணிமார்களுக்கும் கங்காணிகளுக்கும் பேரப்பிள்ளைகளே இல்லாததுபோல.

அதற்காகப் பெரிய சொற்களைத் தூக்கிப்போட்டுவிடவும் முடியாது. தோட்டச் சொற்கள் துரையோடு நின்றுவிடுகின்றன. துரைக்கு மேலே கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் மாதிரி ஏஜென்சி நிறுவனங்கள், அதற்கும் மேலே லண்டன் பங்குதாரர்கள். லயத்தில் அதற்கெல்லாம் சேர்த்து ‘கம்பெனி’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது சம்பளத்தைக் குறைத்து, ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அந்த முடிவுக்குக் கிராணி பொறுப்பில்லை. அதைச் சொல்ல ‘ஏகாதிபத்தியம்’ தேவைப்படத்தான் செய்கிறது.

துரை என்ற சொல் வெள்ளைக்காரனோடு போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெலுங்கில் ‘தொர’, மலாய்க்காரர்கள் வாயில் ‘துவான் பெசார்’. சுதந்திரத்துக்குப் பிறகு அதே பங்களாவில் உள்ளூர்க்காரர்கள் மானேஜராக வந்தார்கள். அவர்களையும் தொழிலாளர்கள் துரை என்றே கூப்பிட்டார்கள். பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் வேலை பார்க்கும் கட்டுமானத் தளங்களில் துரை இல்லை, கங்காணி இல்லை. ‘மண்டோர்’ இருக்கிறது. வங்காளதேசத்துப் பையன்கள் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிவந்தவர், அவர்கள் மொழி பேசுபவர், பல சமயம் அவர்கள் ஊர்க்காரர். ஒருநாள் ஒருவன் வேலைக்கு வரவில்லை என்றால் எனக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். சம்பளத்தை அவர் கையிலிருந்துதான் வாங்குகிறார்கள்.